ஐந்தாம் நரம்பு

இசைக்கருவி ஒன்றை நெடுநாள் விரும்பித் தேடிப் பெற்றவனது மகிழ்ச்சியை நம்மவர் இரண்டு அளவுகோல் கொண்டு அளப்பர். அக்கருவி வீணையாயின் அல்லது நாதசுரமாயின் அது கலைப்பற்று. மின்கிற்றாராயின் அது வீண் ஆடம்பரம். நரசிங்கன்பேட்டையில் ஆச்சாமரத்திற் கடைந்தெடுத்த நாதசுரம் தம் கைக்கு வந்து சேர்ந்த நாளைப் பற்றி வித்துவான் ஒருவர் சொல்லச் சொல்ல நாம் உவந்து கேட்டிருப்போம். ஐந்து நரம்புடைய பேஸ் கிற்றார் ஒன்று கிடைத்ததைப் பற்றி இளைஞன் ஒருவன் வாய்திறந்தானாயின், "அதற்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்பதே நம் முதல் வினாவாக இருக்கும். இவ்வேறுபாடு நீதியன்று என்பது என் துணிபு. தமிழாசிரியனுக்கு இதிலே என்ன அலுவல் என்று வினவும் அன்பர் சற்றுப் பொறுத்தருள்க.

பேஸ் கிற்றார் என்பது கீழ்க்குரல் இசைப்பதற்கென்றே அமைந்த கருவி. மேடையிலே பாடுவோரை எல்லோரும் காண்பர். தாளம் கொட்டுவோரையும் காண்பர். இவ்விருவரையும் பிணைத்து நிற்கும் அக்கீழ்க்குரலைக் கவனிப்பார் சிலரே. ஆயினும் அஃது இடையில் நின்றுவிடின், பந்தற்காலைப் பிடுங்கினாற் போலப் பாட்டு முழுவதும் தளர்ந்து விழும். 1970களில் ஈழத்துப் பொப்பிசையைக் கேட்டு வளர்ந்த பழைய மாணவருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

கலிபோர்ணியாவிலுள்ள புல்லர்ட்டன் என்னும் ஊரில் லியோ பெண்டர் என்பார் 1951 இல் விற்பனைக்குக் கொணர்ந்த பிரிசிஷன் பேஸ் நான்கு நரம்புடையது. அதன் மிகக் கீழான நரம்பு வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். ஐந்தாவது நரம்பு ஒன்றைச் சேர்க்கும் எண்ணம் அந்நிறுவனத்தாருக்கே 1965 இல் உதித்தது. ஆனால் அவர்கள் சேர்த்தது மேற்பக்கத்தில். வாசிப்போருக்குப் பின்னாளில் வேண்டியிருந்ததோ கீழ்ப்பக்கத்தில். அக்கருவியை வாங்குவார் அரியராயினர். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1976 இல் ஜிம்மி ஜோன்சன் என்னும் அமெரிக்கக் கலைஞர் அலெம்பிக் நிறுவனத்தார் செய்த ஐந்து நரம்புக் கருவியிலே கீழான 'பீ' நரம்பைப் பூட்டி வாசித்தார். அதன் அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 31. மனிதச் செவி கேட்கவல்ல கீழெல்லை 20 அளவில் முடிகிறது என்பதை எண்ணினால், இந்நரம்பு எத்துணை ஆழத்திலே நின்று பேசுகிறது என்பது விளங்கும்.

1980களிலே மின்விசைப்பலகைகள் பெருகின. நான்கு நரம்புக் கருவி எட்டமாட்டாத கீழ்ச்சுரங்களை அப்பலகையிலே ஒரு விரல் தொட்டு எழுப்பியது. கிற்றார்க் கலைஞர் தம் இடம் பறிபோவதைக் கண்டனர். ஐந்தாம் நரம்பு பலருக்கு அலங்காரமாயன்றி, பிழைப்பாக வந்து சேர்ந்த காலம் அது. 1987 இல் மியூசிக் மேன் நிறுவனத்தாரும் தமது ஸ்டிங்ரே கருவியை ஐந்து நரம்புடன் வெளியிட்டனர். இன்றும் பலர் தேடித் திரியும் கருவிகளுள் அஃது ஒன்று.

நரம்பொன்றைக் கூட்டுவது எளிய வேலை என்று எண்ணிவிடலாகாது. நரம்பின் சுருதியை நிறுவுவன அதன் நீளம், இழுவை, திணிவு என்னும் மூன்றுமாம். நீளத்தை வழக்கமான 34 அங்குலமாகவே வைத்து, இழுவையையும் மாற்றாது விடின், அடுத்த நரம்பினும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு திணிவு 'பீ' நரம்புக்கு வேண்டும். தடித்த நரம்பு வளைந்து கொடுக்க மறுக்கும். இழுவையைத் தளர்த்தினாலோ கொடிக்கயிறு போலத் தொய்ந்து, சுரம் தெளிவின்றி உறுமும். அதனாற் சிலர் நீளத்தை 35 அங்குலமாக்கினர். அது சிறு கையுடையார்க்கு இடர். கழுத்தும் அகன்று விரல்களுக்குச் சோதனையாகும். ஐந்து நரம்புகளும் ஒரே குரலினவாய், கீழ்நரம்பு தனித்து மங்காதபடி அமைந்த கருவி எல்லாக் கடைகளிலும் தொங்குவதன்று. அதைத் தேடுகிறவன் பெயர்ப்பலகையைத் தேடுகிறான் என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, அவன் காது வேறுபாடு காணக் கற்றுக்கொண்டது என்பதே.

என்னிடம் தமிழ் கற்று, இப்பொழுது திருவிழாக்களிலும் மணவீடுகளிலும் இசைக்குழுவோடு வாசித்துவரும் இளைஞர் ஒருவரை அறிவேன். ஜப்பானிலே செய்த பழைய ஐந்து நரம்புக் கருவி ஒன்றுக்காக அவர் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. சேர்த்த பணம் வங்கியிற் குறையாதிருக்க, கருவி மட்டும் எட்டாத் தொலைவுக்குப் போயிற்று. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஈற்றில், இரண்டு ஆண்டுகள் கழித்து, கொழும்பிலே ஒருவர் வீட்டில் அத்தகைய கருவி இருக்கிறதென்று கேள்வியுற்று இரவு வண்டியிற் சென்றார். கழுத்து வளைந்துள்ளதா என்று ஒரு கண்ணை மூடி நோக்கி, ஒவ்வொரு கட்டையும் அழுத்திப் பார்த்து, விலை பேசி வாங்கி வந்தார். மறுநாள் என் வீட்டுக்குக் கொணர்ந்து, சிறிய ஒலிபெருக்கியிலே பூட்டி, "சேர், இதைக் கேளுங்கோ" என்று ஐந்தாம் நரம்பை ஒருமுறை மீட்டினார். மேசைமேலிருந்த தேநீர்க் கோப்பை தட்டோடு சேர்ந்து நடுங்கிற்று. அதன் பின்னர் அரைமணி நேரம் மரத்தின் வகை, முறுக்காணி, காந்தச் சுருள் என்று அவர் உறுப்புறுப்பாக வருணித்தார். என் மனைவியார் இரண்டாம் முறை தேநீர் கொணர்ந்தும் வருணனை முடிந்தபாடில்லை.

இங்கேதான் தமிழாசிரியனுக்கு அலுவல் வருகிறது. பொருநராற்றுப்படையைக் கற்றோர் அறிவர். யாழின் பத்தர் எப்படி, போர்வை எப்படி, ஆணி எப்படி, கோடு எப்படி, திவவு எப்படி, நரம்பு எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் உவமை தேடிச் சொல்லி, அக்கருவியை ஒப்பனை செய்த மணமகளுக்கு இணையாக வைக்கிறார் புலவர். வகுப்பிலே இதனை வியந்து விளக்கும் நாம், அதே கண்ணோடு தன் கருவியைப் பார்க்கும் இளைஞனைப் பித்தன் என்பது எங்ஙனம் பொருந்தும்? பேரியாழுக்கு 21 நரம்பு என்று உரையாசிரியர் கூறுவர். அவற்றை மிகுதி என்று குறைகூறினார் எவரையும் நான் ஏட்டிற் கண்டதில்லை. அந்த யாழ்களோ வழக்கொழிந்தன; அவற்றின் இலக்கணத்தை மீட்க விபுலாநந்த அடிகள் ஆண்டுபல உழைத்து 1947 இல் யாழ்நூலை வெளிப்படுத்த வேண்டியதாயிற்று. வாசிப்பார் இல்லாத கருவிக்கு நூல் ஒன்றே புகலிடமாகும்.

நான்கு நரம்பு போதாதா என்பார்க்கும் வலிய சான்று உண்டு. டெட்ரோயிட் நகரின் மோட்டவுண் இசைத்தட்டுக்களிலே கீழ்க்குரல் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றை வலக்கையின் ஒரே விரலால் மீட்டி உலகை மயக்கினார். நரம்பை மாற்றுவதிலும் அவருக்கு விருப்பமில்லை. 1983 இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னர் அக்கருவி களவு போயிற்று. இச்சான்றை நான் மறுக்கவில்லை. ஒரு கருவியின் கரையை முட்டுமட்டும் வாசியாதவன் அடுத்த கருவிக்கு ஆசைப்படுவது வெறும் அங்காடி ஆசையே. ஆனால் என் மாணவர் நான்கு நரம்பிலே பத்தாண்டு உழன்றவர். பாடகர் தம் குரலுக்கேற்பச் சுருதியை இறக்கும்போதெல்லாம் கீழே இடமின்றி மேலே தாவி வாசித்தவர். அவர் தமக்கு இன்னது இல்லை என்று அறிந்தே தேடினார். மோட்டார் சைக்கிளுக்குக் கேள்வியின்றிப் பணம் கொடுக்கும் பெற்றோர் இந்த வேறுபாட்டையும் கருதுவாராக.

என் மனக்குறை வேறோரிடத்தே உளது. அரிய கருவியைப் பெற்றவுடன் பெட்டியிலே பூட்டி, விலை ஏறுமட்டும் காத்திருப்போர் பெருகிவிட்டனர். போல் மக்கார்ட்னி 1961 இல் ஹம்பேர்க் நகரில் 30 பவுண் அளவில் வாங்கிய ஹொப்னர் பேஸ் 1972 இல் இலண்டனிலே வண்டியொன்றிலிருந்து களவாடப்பட்டது. பின்னர் அது வீடொன்றின் பரணிலே கிடந்து, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டே உரியவரிடம் மீண்டது. அச்செய்தி 2024 இல் வெளியாயிற்று. அது கள்வர் செய்த வேலை. நாமோ நம் சொந்தப் பொருளையே பரணில் ஏற்றி மௌனமாக்குகிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் வீடுகளிலே, இளமையில் ஆசையோடு வாங்கி, வேலையும் குடும்பமும் வந்தபின் கட்டிலின் கீழே தள்ளிய கிற்றார்கள் எத்தனை உறங்குகின்றனவோ! தேடிப் பெற்ற நாளின் மகிழ்ச்சி அவற்றிலே இன்னும் பாதி செலவாகாமற் கிடக்கிறது.

விழாவுக்கு வரும் அன்பர் அத்தகைய கருவி உடையராயின் உடன் கொணர்வாராக. நரம்பு துருப்பிடித்திருந்தாலும் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். மேலே கூறிய இளைஞர் சனிக்கிழமைகளிலே மாணவருக்குக் கற்பிக்க இசைந்துள்ளார். இசையறையில் ஒலிபெருக்கி ஒன்று உண்டு. திறப்பு என்னிடம் இருக்கிறது.