அது வெறும் தண்ணீர் அன்று



“நம் நாட்டில் பனியா பெய்கிறது? ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் போதும்!” பழைய மகிழுந்து வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இப்படித்தான் சொல்கின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கைமாறி வந்த என் புரோட்டோன் சாகா, ஆயர் ஈத்தாம் நெரிசலில் ஆவி கக்கி நின்ற நாளில்தான் அந்த எண்ணம் மாறியது. இயந்திரம் ஆறிய பிறகு மூடியைத் திறந்தேன். உள்ளே தேநீர் நிறத்தில் துருநீர்!

கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் உறைபனிக்கு மட்டுமே உரியது என்பது தவறான எண்ணம். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை ஏறத்தாழ 107 பாகை செல்சியசுக்கு உயர்கிறது. ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே செல்லும். ஆனால் நம்மைப் போன்ற வெப்ப நாட்டினருக்கு அதனினும் பெரிய பயன், அதில் கலந்துள்ள துருத்தடுப்பு வேதிப்பொருள்கள். சாகாவின் இயந்திரத்தில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இவ்விரு உலோகங்களுக்கிடையே வெறும் தண்ணீர் ஓடினால் அரிப்பு விரைவில் தொடங்கிவிடும். அத்தடுப்புப் பொருள்களும் நாளடைவில் தீர்ந்துபோகின்றன. ஆதலால், முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாத வண்டியை வாங்கினால், முதல் வேலையாகக் கழுவி மாற்றிவிடுவதே நல்லது.

வேலை கடினமன்று. இயந்திரம் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். பழைய நீரை அடியில் வடித்து, தூய நீர் நிரப்பி, மேற்குழாய் சூடேறும்வரை இயந்திரத்தை ஓடவிட வேண்டும். அந்தச் சூடுதான் தெர்மோஸ்டாட் திறந்ததற்கு அடையாளம். மீண்டும் ஆறவிட்டு வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இதையே திரும்பச் செய்து, பிறகு புதியதை ஊற்றிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். (சூடு ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பட்டறைகள் இங்குண்டு. காய்ச்சல்காரனிடமிருந்து வெப்பமானியைப் பறிப்பது போன்ற வைத்தியம்!)

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நான் சென்ற பட்டறையில், வடித்த நீர் முழுவதையும் கடை முன்னிருந்த கால்வாயில் கவிழ்த்துவிட்டார்கள். கேட்டேன். “தண்ணிதானே சார், போகட்டும்” என்றார் அந்தத் தம்பி.

தண்ணீரா அது? எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. நக்கிக் குடிக்கும் பூனையும் நாயும் சிறுநீரகம் கெட்டு மடியும். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளிலும் இத்தகைய வெப்ப நீர்மக் கழிவு இடம்பெற்றுள்ளது. ஊற்றும்போதும் “தண்ணீர் போதும்”, கொட்டும்போதும் “தண்ணீர்தானே”. இரண்டும் ஒரே அறியாமைதான்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டதை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாணவர்கள் மூச்சுத்திணறி வாந்தியெடுத்தனர்; 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு வாளி கூலண்டும் அதுவும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும், கால்வாயில் போனது கண்ணில் படாது என்ற நினைப்பு இரண்டுக்கும் பொதுவன்றோ? ஆற்றைக் காப்போம் என்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, என் வண்டியின் கழிவு கால்வாயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

இப்போது பட்டறையில் விலை கேட்பதற்கு முன், “பழையதை என்ன செய்வீர்கள்?” என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கின்றனர். உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்கும் பட்டறை ஒன்று வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் கிடைத்தது. கூலி கொஞ்சம் கூடுதல்தான். அடுத்த முறையும் அங்கேதான் செல்வேன்.