மில்லும் சுமங்கலியும்

சுமங்கலி என்றால் புருஷன் உயிரோடிருப்பவள். நூல் மில்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறோம்.

2000-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் பரவிய 'சுமங்கலித் திட்டம்', தென் ஜில்லா ஏழைப் பெண்களைக் கோயமுத்தூர், திண்டுக்கல் பக்கத்து மில்களுக்கு அழைத்துப் போய், 'பழகுநர்' என்று பெயரிட்டு, மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கிக் கடைசியில் ஒரு தொகை கொடுப்பதாகும். அறுந்த இழையை ஒட்டவும், நிறைந்த பாபினைக் கழற்றவும் பழக மூன்று வருஷமா வேண்டும்?

சூட்சுமம் பெயரில் இருக்கிறது. 1961-ஆம் வருஷப் பழகுநர் சட்டப்படி பழகுநர் தொழிலாளியல்ல. 1981-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டமோ, 24 மாதத்தில் 480 நாள் உழைத்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்லுகிறது. மூன்று வருஷம் உழைத்தவள் அதைக் கேட்டுவிடக் கூடாதல்லவா?

அந்தத் தொகைதான் யாருடையது? அவள் கூலியில் பிடித்து வைத்ததே. நடுவில் நோய்ப்பட்டு வெளியேறி, அதையும் இழந்தவர்கள் உண்டு. முழுதும் பெற்றவளுக்கு அது வரதட்சணையாய்ப் போயிற்று. வரதட்சணைத் தடைச் சட்டமும் அதே 1961-இல் வந்ததுதான்!

பழக்குகிறவர்கள் இத்தனை வாரம் என்று எழுதிக் கொடுக்கட்டும். மறுநாள் முதல் முழுக்கூலியையும் மாதாமாதம் அவள் கையிலேயே கொடுக்கட்டும். அதைக் கொண்டு அவள் கலியாணம் செய்து கொள்வாளோ, மேலே படிப்பாளோ, அது அவள் இஷ்டம்.