கால் பருத்த மாதரும் ‘குறைத்து உண்’ என்னும் அறிவுரையும்

பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் யானைக்கால் நோயாளிகளைப் பட்டியலிடும் ஊழியர் வீடு வீடாகச் செல்லும்போது, இரு கால்களும் தூண்போல் பருத்துவிட்ட நடுவயதுப் பெண்ணொருத்தியை எப்பொழுதேனும் காண நேரலாம். ஊரார் அதனை ‘ஹாத்தி பாவ்’ என்பர். பட்டியலிலும் அவ்வாறே பதிவாகிவிடக் கூடும். அவ்வாறு பதியாவிடில், ‘இது வெறும் உடற்பருமன்; உணவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை கூறிவிட்டு ஊழியர் அடுத்த வீட்டுக்குச் செல்வதும் உண்டு. இவ்விரு தவறுகளுள் இரண்டாவதே அதிகத் தீங்கு விளைப்பது. முதல் தவறினால் அவளுக்குக் காலைக் கழுவித் துடைத்துப் பேணும் முறையாவது கற்பிக்கப்படும். இரண்டாவதோ, பல்லாண்டுகளுக்கு அவளை அரைவயிற்றோடு நிறுத்திவிடும்.

இந்நோய்க்கு லிப்பெடீமா என்று பெயர். 1940ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்னும் டாக்டர்கள் இதனைத் தனி நோயாக விவரித்தனர். 1951ல் 119 நோயாளிகளைப் பற்றிய விரிவான குறிப்பு ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. எனினும் மருத்துவ உலகம் இதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பிலேதான் இதற்கெனத் தனி இடம் கிடைத்தது.

இது ஏறக்குறைய முற்றிலும் பெண்களுக்கே வருவது. பூப்பெய்தும் பருவத்திலோ, கருவுற்ற காலத்திலோ, மாதவிடாய் நிற்கும் காலத்திலோ தொடங்கும். இடுப்புக்குக் கீழே இரு பக்கமும் ஒரே அளவாகக் கொழுப்புத் திசு பெருகும். பாதத்தை மட்டும் விட்டுவிடும். ஆகவே கணுக்காலில் காப்பு அணிந்தாற்போல் ஒரு மடிப்புத் தோன்றும். அழுத்தினால் வலிக்கும், சிறிது இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். யானைக்காலோ பெரும்பாலும் ஒரு காலில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருக்கும், பாதத்தையும் விடாது.

ஆனால் முற்றிய நிலையில் இவ்வடையாளம் கைவிட்டுவிடுகிறது என்பதை ஊழியர் மறத்தலாகாது. கொழுப்பு தொடையிலும் முழங்காலின் உட்புறத்திலும் மடிமடியாகத் தொங்கும், நடையே மாறிப்போகும். நிணநீரை வடிக்கும் நாளங்கள் தளர்ந்து, பாதமும் வீங்கத் தொடங்கும். அந்நிலையில் கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது அரிது. வாயால் கேட்டே அறிய வேண்டும். எந்த வயதில் தொடங்கிற்று, இரு காலும் ஒருங்கே பருத்தனவா, தாய்க்கோ அத்தைக்கோ இவ்வாறு இருந்ததா என்னும் மூன்று கேள்விகள் பெரும்பாலும் போதும்.

இனி, உணவைப் பற்றிப் பேசலாம். இந்நோயின் கொழுப்பு பட்டினிக்குப் பணிவதில்லை. உணவைக் குறைக்கும் பெண்ணின் முகம் வற்றும், தோள் எலும்பு தெரியும், மார்பும் வயிறும் மெலியும். கால்கள் மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். அதைக் கண்ட வீட்டார், அவள் ஒளித்துண்கிறாள் என்று எண்ணுவர். அவளும் நாளடைவில் தன்னையே ஐயுறுவாள், இன்னும் குறைப்பாள். 2019–21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. அத்தகைய உடலினின்று மேலும் உணவைப் பறிப்பது எங்ஙனம் மருத்துவமாகும்? புரதம் குறைந்தால் தசை கரையும். பாரமான கால்களைத் தூக்கி நடக்க வேண்டியது அத்தசைதான். புண் ஆறுவதும் தாமதமாகும்.

அங்ஙனமாயின் உணவினால் பயனே இல்லையோ என்றால், அதுவும் தவறு. ‘எதைத் தின்றாலும் ஒன்றே’ என்று நோயாளியைக் கைவிடுவாரும் உளர். முற்றிய நோயாளியின் காலில் மூன்று பாரங்கள் கூடி நிற்கின்றன: நோய்க்குரிய கொழுப்பு, அதன்மேல் சேர்ந்த பொதுவான பருமன், வடியாமல் தேங்கிய நீர். முதலாவது உணவுக்கு எளிதில் அசையாது. மற்ற இரண்டும் அசையும். வலியும் ஓரளவு அசையும் என்பதற்குச் சான்று கிடைத்து வருகிறது. நார்வே நாட்டில் பருமனும் இந்நோயும் உடைய 70 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரே அளவு கலோரியை எட்டு வாரம் அளித்தனர். ஒரு குழுவுக்கு மாவுச்சத்தும் மறு குழுவுக்குக் கொழுப்பும் குறைக்கப்பட்டன. 2024ல் வெளியான முடிவின்படி, மாவுச்சத்தைக் குறைத்த குழுவிலேயே வலி தணிந்தது. எடை எவ்வளவு குறைந்தது என்பதற்கும் வலி எவ்வளவு தணிந்தது என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. ஊழியர் கருதத்தக்க செய்தி இதுவே. எட்டு வாரமும் எழுபது பேரும் சிறு அளவே. ஆயினும், தராசின் முள்ளை மட்டும் நம்பி வந்த பழக்கத்தை அது அசைக்கப் போதுமானது.

இதனை நம் நாட்டுத் தட்டுக்குக் கொண்டுவருவது எளிதன்று. இந்தியர் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், புரதத்தின் பங்கு 12 விழுக்காடு அளவே என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வொன்று 2025ல் தெரிவித்தது. மேல்நாட்டுப் பட்டியலில் காணும் பாலாடைக்கட்டியையும் மாட்டிறைச்சியையும் ஒரு பீகார்க் கூலிக் குடும்பத்தின் முன் படித்துக் காட்டுவது நகைப்புக்கிடமாகும். அங்கே வாய்ப்பது சத்து மாவு. வறுத்த கடலையை அரைத்துச் செய்வது. நூறு கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. மாவுச்சத்தும் உண்டெனினும், சோற்றையும் உருளைக்கிழங்கையும் விட மேலானது. காலையில் சர்க்கரை போட்ட தேநீரும் ரொட்டியும் உண்பவள் சத்து மாவைக் கரைத்துக் குடிக்கலாம். மதியச் சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் கீரையையும் இரட்டிக்கலாம். முட்டையோ குளத்து மீனோ தயிரோ கிடைக்கும் நாளில், அதில் அவளுக்கும் பங்கு வேண்டும். ‘அவளுக்கும்’ என்பதே இங்குக் கடினமான சொல். கடைசியாக உண்பவளுக்குச் சட்டியில் எஞ்சுவது சோறே, பருப்பு அன்று.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. ஒரு தேக்கரண்டி என்று சொன்னால் எவர்க்கும் விளங்கும். ஊறுகாயும் அப்பளமும் கடைத் தின்பண்டமும் அந்த அளவை அறியாமலே தாண்டச் செய்யும். வீக்கத்துக்கென்று நீர்போக்கி மாத்திரைகளை வாங்கி விழுங்கும் வழக்கம் இன்னும் மோசம். லிப்பெடீமாக் கொழுப்பை அவை தொடுவதேயில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவளும், சிறுநீரகக் கோளாறு உடையவளும், கருவுற்றவளும் டாக்டரைக் கேளாமல் உணவை மாற்றுதல் கூடாது. சட்டீ விரதம் போல் நீரும் அருந்தாமல் 36 மணி நேரம் இருக்கும் நோன்புகளைப் பற்றி ஊழியர் தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. ஆயின் நோன்புக்கு முன்னும் பின்னும் அவள் என்ன உண்கிறாள் என்று கேட்டறிவது பொருந்தும். அழுத்தக் காலுறை, நடை, தோலைப் பேணுதல் ஆகியவற்றுக்கு உணவு மாற்றாகாது என்பதையும் அவளிடம் ஒளிக்கக் கூடாது. இவ்வுணவினால் கால் மெலிந்துவிடும் என்று வாக்களிப்பவர், மூன்றே மாதத்தில் அவளுடைய நம்பிக்கையை இழப்பர்.

ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவலாம். நோய் தொடங்கும் பருவம் பெரும்பாலும் பள்ளிப் பருவமே. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஒரு சிறுமி விளையாட்டை நிறுத்துகிறாள், நண்பகல் உணவை மறுக்கிறாள், கால் வலிக்கிறது என்கிறாள். அவளைச் சோம்பேறி என்று விட்டுவிடாமல் தாயை அழைத்து விசாரிக்கும் ஆசிரியை, பின்னர் எந்த டாக்டரும் செய்ய இயலாத உதவியைச் செய்தவராவார்.

முற்றிய நோயாளியைப் பொறுத்தவரை, அடுப்பின் முன் நெடுநேரம் நிற்க இயலாதவளுக்கு ‘இதைச் சமைத்துண்’ என்பது வீண். அவளுக்கு உயரமான ஒரு முக்காலி கிடைக்குமா, பருப்பை வேகவைக்க மருமகளோ மகனோ உதவுவரா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்த முறை அவ்வீட்டுக்குச் செல்லும் ஊழியர் எடை எந்திரத்தை வெளியே எடுக்கு முன், அவள் கிணற்றடிவரை எத்தனை முறை நின்று நடந்தாள், இரவில் வலியால் எத்தனை முறை விழித்தாள், நேற்றுப் பருப்பு அவள் தட்டுக்கு வந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்வாராக.