எண் இல்லாமலும் எக்ஸெல்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் என்றாலே வரவு செலவுக் கணக்குதான் என்று நினைக்கிறார்கள். எது எதைப் பாதிக்கிறது என்று பார்ப்பதற்கும் அது நல்ல கருவி என்பேன்.

மரக்காணம் உப்பளங்களையே எடுத்துக் கொள்வோம். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான். வெயிலில் நீர் வற்றி, அடர்த்தி 25 டிகிரி போமே அளவை எட்டும்போது பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். இடையில் மழை பெய்தால் அடர்த்தி இறங்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். "மழை பெய்தால் உப்பு விலை ஏறும், உப்பளத்துக்காரர்களுக்கு லாபம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். சோதித்துப் பார்ப்போமா?

எக்ஸெலைத் திறந்து ஏ2 முதல் ஏ7 வரை மழை, அடர்த்தி, விளைச்சல், இருப்பு, விலை, வேலை நாட்கள் என டைப் செய்யுங்கள். அதே பெயர்களை பி1 முதல் ஜி1 வரையும் கொடுங்கள். இடப்பக்கம் உள்ளது மேலே உள்ளதை நேரடியாகப் பாதித்தால் 1, இல்லையென்றால் 0. மொத்தம் 30 கேள்விகள்தான்.

மழை வரிசையில் அடர்த்தி, இருப்பு, வேலை நாட்கள் மூன்றுக்கும் 1 வரும். அடர்த்தி விளைச்சலையும், விளைச்சல் இருப்பையும் வேலை நாட்களையும், இருப்பு விலையையும் பாதிக்கும். இப்போது விலை வரிசையைப் பாருங்கள். மழைக்காலத்தில் விலை ஏறினாலும் பாத்தியில் வார உப்பு இல்லை. எனவே வேலை நாட்களுக்கு நேராக 0! ஏறிய விலை, உப்பை இருப்பு வைத்திருப்பவருக்கு லாபம். நாள் கூலிக்காரருக்கு மழை தருவது வேலை இழப்பு மட்டுமே. "உப்பளத்துக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் சொன்னபோது இது மறைந்திருந்தது.

அமெரிக்கரான ஜான் வார்ஃபீல்ட் 1970களில் உருவாக்கிய கட்டமைப்பு மாடலிங் முறையின் அடிப்படை இதுதான். நேரடித் தொடர்புகளை மனிதர் சொல்ல வேண்டும். சங்கிலித் தொடர்புகளை கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். நீங்கள் தவறாக 1 போட்டால் அது தவறான விடையைத்தான் தரும். ஆகவே கட்டங்களை நிரப்பும்போது, பாத்தியில் இறங்கி வேலை செய்பவர்களிடமும் கேளுங்கள்.

எக்ஸெல் இல்லையா? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். உங்கள் கடை, வயல், வீட்டுச் செலவு எதையும் இப்படிப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு பிறகு வரட்டும். முதலில் தொடர்பு தெரியட்டும்.