பின்னரும் ஆகையாலும்

ஆங்கில வியாசங்களைத் திருத்துவது உபாத்தியாயருக்கு வாய்த்த பாக்கியங்களுள் ஒன்று. சமீபத்தில் ஒரு மாணவன், "என் அண்ணனுக்கு விவாகம் நடந்தது, கான்ஸிக்வென்ட்லி எங்கள் பாட்டனார் காலமானார்" என்று எழுதியிருந்தான். வகுப்பு முழுவதும் நகைத்தது. நாமும் நகைத்தோம். அவன் எழுத நினைத்த பதம் 'ஸப்ஸிக்வென்ட்லி'.

பையன்மீது மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. இவ்விரு பதங்களும் 'பின்தொடர்' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்த சகோதரிகள். ஆயினும் இருவர் குணமும் வேறு. 'ஸப்ஸிக்வென்ட்லி' என்பது 'பின்னர்' என்று காலத்தை மாத்திரம் சொல்லும். 'கான்ஸிக்வென்ட்லி' என்பதோ 'அதன் பயனாக' என்று காரணத்தைச் சாட்சிக்கு இழுக்கும். 'தேர்ஃபோர்' ஆகையால் என்று முடிவு கூறும். 'அக்கார்டிங்லி' அதற்கிணங்க என்னும். வைத்தியர் ஓய்வு கொள்ளச் சொல்ல, நோயாளி அவ்வாறே செய்தால் அங்கே அது பொருந்தும். 'ஹென்ஸ்' ஆதியில் 'இவ்விடத்திலிருந்து' என்றே பொருள்பட்டது. பிறகு 'இக்காலத்திலிருந்து' என்றும், 'இக்காரணத்தால்' என்றும் விரிந்தது. 'ஸின்ஸ்' இன்றும் காலம், காரணம் இரண்டையும் சுமக்கிறது.

1852-ஆம் ஆண்டில் தம் சொற்களஞ்சியத்தை வெளியிட்ட ரோஜெட் என்ற ஆங்கில வைத்தியர், தொடர்ச்சியைக் குறிக்கும் சொற்களை 'ஒழுங்கு' என்ற பகுதியிலும், விளைவைக் குறிப்பவற்றைக் 'காரணம்' என்ற பகுதியிலும் வெவ்வேறாக வைத்தார். அது விவேகமான ஏற்பாடு.

நம் பாஷையிலும் இந்த மயக்கம் உண்டு. 'மழை பெய்து குளம் நிரம்பிற்று' என்றால் மழை காரணம். 'உண்டு உறங்கினான்' என்றால் ஒன்றன்பின் ஒன்று, அவ்வளவே. எச்சத்தின் வடிவம் ஒன்றே. வேற்றுமையை நம் அறிவே காண வேண்டும். 'இதற்குப் பின் வந்தது, ஆகையால் இதனால் வந்தது' என்னும் பிழைக்குத் தர்க்க சாஸ்திரிகள் லத்தீனில் ஒரு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பாட்டிமார் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அதே பாட்டிமார் சில வீடுகளில் அந்தப் பழமொழியை மறந்துவிடுகிறார்கள். புதிய மருமகள் வந்த மாதத்தில் வயோதிகர் ஒருவர் இறந்தாலும், வியாபாரத்தில் நஷ்டம் வந்தாலும், "இவள் வந்த வேளை" என்ற பேச்சு எழுகிறது. அம்மாணவன் எழுதிய வாக்கியந்தான் அது. ஒரே வித்தியாசம், அங்கே ஒருவரும் நகைப்பதில்லை. 'பின்னர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆகையால்' என்று சொன்னதன் பலனை ஓர் இளம்பெண் ஆயுள் முழுவதும் அனுபவிக்கிறாள்.

பையனுடைய நோட்டுப் புத்தகத்தில் நாம் சிவப்பு மையால் அந்தப் பதத்தை அடித்துத் திருத்தினோம். வீட்டில் நிகழும் பிழையைத் திருத்த வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே.