குழுக்கள் பெருகின; காரியம் நடந்ததா?

வடக்கு மாகாணத்தின் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களிலுள்ள ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணியைக் குறித்து 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளியாயிற்று. உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வருதல் வேண்டும். எவரும் வராதவிடத்துக் காணி அரசுக்குரியதாகிவிடும் என்பதே அதன் சாரம். போரிலே உறுதியைப் பறிகொடுத்தவர்களிடமும், பேரன் பெயரிலேயே காணியை விட்டுவிட்டுக் கடல் கடந்தவர்களிடமும், மூன்று மாதத்துள் ஆவணத்தோடு வருக என்று கூறுவது எத்தகைய நீதி என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை. வழக்குத் தொடுக்கப்பட்டது, யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. மகிழ்ச்சியே. ஆயினும் அந்த மூன்று மாதங்களிலும் எம்மவர் கைகளிலே இருந்த கைத்தொலைபேசிகள் ஆற்றிய தொண்டு யாது என்பதை ஆராயாது விடுதல் தகாது.

செய்தி எட்டவில்லை என்று எவரும் கூறுவதற்கில்லை. எட்டியது, ஒரு முறையன்று, ஒரே நாளிற் பத்து முறை எட்டியது. எவரோ எடுத்த மங்கலான படமொன்று, ஊர் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவிலிருந்து பழைய மாணவர் குழுவுக்கும், அங்கிருந்து கோவிற் குழுவுக்கும், அங்கிருந்து குடும்பக் குழுவுக்கும் ஓடிற்று. கண்டன முழக்கங்களும் கூடவே ஓடின. ஆனால் எமது கிராமத்தில் எந்தக் காணித்துண்டு அட்டவணையில் உள்ளது, எந்த அலுவலகத்துக்குச் செல்வது, உறுதி இல்லாதவன் எதைக் கொண்டு செல்வது என்ற கேள்விகள், சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்களின் அடியிலும், மே 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தல் ஆரவாரத்தின் அடியிலும் புதைந்து போயின. ஒரு குழுவிலே கேள்வி கிடந்தது; வேறொரு குழுவிலே அதற்கு விடை கிடந்தது. இரண்டிலும் உறுப்பினராயிருந்தோர் பலர். இரண்டையும் வாசித்தவரைத்தான் காணோம்!

இது சோம்பலின் குற்றம் என்று கூறித் தப்பிக்க முயல்வோர் சற்றுக் கணக்குப் பார்க்கட்டும். சாதாரண ஒருவர் எத்தனை குழுக்களில் இருக்கிறார்? ஊர் ஒன்றியம் ஒன்று; சனசமூக நிலையம் ஒன்று; பாடசாலை ஒன்று, அதற்குள் அவர் வகுப்பு ஒன்று; கோவிற் பரிபாலனம்; விளையாட்டுக் கழகம்; தொழிற்சங்கம்; தந்தை வழி உறவு, தாய் வழி உறவு; கட்சி; கட்சியிலே அதிருப்தியுற்றோர். முன்னெல்லாம் ஒரு சங்கம் பிளவுபட்டால் இரண்டு சங்கங்களாகும். இன்று ஒவ்வொரு பிரிவும் பொதுக்குழு, நிருவாகக்குழு என இரண்டிரண்டு வைத்துக்கொள்வதால் நான்காகின்றன. சமாதானம் பேசுதற்கு ஐந்தாவதும் தொடங்கப்படுகின்றது. இருபது குழுக்கள் என்று வைத்துக்கொள்வோம். குழுவொன்றில் நாளொன்றுக்கு முப்பது செய்தி. செய்தியொன்றுக்குப் பத்து வினாடி. நாளொன்றுக்கு 1 மணி 40 நிமிடம் ஆயிற்று. ஆண்டொன்றுக்கு 608 மணித்தியாலம். எட்டு மணி நேர வேலைநாளாக எண்ணினால் 76 நாட்கள். முகநூலையும் ரெலிகிராமையும் வைபரையும் நாம் இன்னும் இக்கணக்கிற் சேர்க்கவில்லை.

எம் இனத்துக்கு இதிலே தனியானதோர் இடரும் உண்டு. ரொறன்ரோவில் வேலை முடித்துக் கோடைகால இரவு 9 மணிக்கு ஒருவர் எழுதத் தொடங்கும்போது யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலை 6.30, சிட்னியில் முற்பகல் 11, லண்டனிலோ பின்னிரவு 2 மணி. அங்கே உறங்குபவர் விழிக்கும்போது நூறு செய்திகள் காத்திருக்கும். சூரியன் மறையாத சாம்ராச்சியம் என்று வெள்ளையர் பெருமை பேசினார்கள்; சூரியன் மறையாத அரட்டை எமக்குக் கிடைத்திருக்கின்றது.

குழுவொன்றில் 256 பேருக்கு மேல் இருக்கவொண்ணாது என்றிருந்த எல்லை 2022ஆம் ஆண்டில் 1,024 ஆக உயர்த்தப்பட்டது. செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவொண்ணாது என 2019இலும், பலமுறை கைமாறிய செய்தியை ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என 2020இலும் அந்நிறுவனமே அணை கட்டவேண்டி நேர்ந்தது. வட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் உரிமை பூண்ட மேற்றா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருமானம் 16,000 கோடி டொலரைத் தாண்டியது. அதிற் பெரும்பங்கு விளம்பரத்தால் வந்தது. எமது கண் எங்கே தங்குகிறதோ அங்கே அவர்களின் வருவாய் தங்குகின்றது. தகவல் மலிந்த உலகில் அரிதாகிவிடுவது கவனமே என்று அமெரிக்கப் பேராசிரியர் ஹேர்பேட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். அதனை நன்கு கற்றுக்கொண்டவர்கள் வியாபாரிகளே.

அப்படியாயின் வேண்டாத குழுக்களிலிருந்து விலகிவிடலாமே என்று எளிதாகக் கூறுவோர் உளர். அவர்கள் எம் சமூகத்தை அறியாதவர்கள். ஊர்க் குழுவிலிருந்து ஒருவர் விலகினால், 'ஏன் விலகினான்?' என்று கேட்பதற்கென்றே மூவர் தொலைபேசி எடுப்பார்கள். தலைவரோடு மனத்தாபமோ? கணக்கு விவகாரமோ? பெரியப்பாவின் மகன் தொடங்கிய குழுவைவிட்டு வெளியேறியவன் அவ்வீட்டுக் கலியாணத்தில் எந்த முகத்தோடு நிற்பான்? 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல், விலகுவோரின் பெயர் நிருவாகிகளுக்கு மட்டுமே அறிவிக்கப்படும்படி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. எம் ஊர்களில் நிருவாகிக்குத் தெரிந்தது எவருக்குத் தெரியாதது?

இதைவிட ஆழமான காரணமொன்று உண்டு. அது சாவுச் செய்தி. எம்மவருள் மிகப் பலர் இருபது குழுக்களை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதற்கு அரசியலார்வமோ அரட்டைப் பிரியமோ காரணமன்று. 'செத்தவீட்டுக்கும் வரவில்லை' என்ற சொல்லுக்கு அஞ்சியே பற்றிக்கொண்டிருக்கிறார்கள். வானொலியின் மரண அறிவித்தலையும் பத்திரிகையின் மரண அறிவித்தற் பக்கத்தையும் ஒருவர் பார்த்தால் முன்னர் அக்கடமை நிறைவேறிற்று. இன்று அந்த ஓர் அறிவித்தல் எந்தக் குழுவில், எந்த வேளையில், எந்த நகைச்சுவைப் படத்துக்கும் எந்த மருந்துக் குறிப்புக்கும் இடையில் வந்து விழும் என்பதை எவர் அறிவார்? ஆகவே அனைத்தையும் புரட்டவேண்டியிருக்கிறது. இந்த அச்சத்தைக் கேலி செய்வது எமது நோக்கமன்று. துக்கத்திற் பங்குகொள்ளும் அப்பண்பு போர்க்காலத்திலும் எம்மைக் கட்டிக்காத்தது. அப்பண்புக்குரிய ஒழுங்கான வழியை எம் சங்கங்கள் வகுக்கத் தவறியமையே எமது குறை.

பழைய காலமே பொற்காலம் என்று நாம் கூறவரவில்லை. 1947ஆம் ஆண்டில் 'சுதந்திரன்' தோன்றிய நாட்களில், வாசிகசாலை வாங்குகளில் அமர்ந்து ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். ஒரு செய்தியை ஒரு கிழமை முழுவதும் ஆராய்ந்தனர். உண்மையே. ஆனால் அந்த வாங்கில் அமர எவருக்கு இடமிருந்தது, எவருக்கு இருக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். பெண்களின் குரல் அங்கே கேட்டதா? வாசலிலே நிறுத்தப்பட்டோரின் குரல் கேட்டதா? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் பல நாடுகளில் வாழ்வோரின் கண்களுக்கு எட்டியதில் இந்தக் கைத்தொலைபேசிக்கும் பங்குண்டு. கருவியை எறிந்துவிட்டு வாசிகசாலைக்குத் திரும்புக என்று எவரேனும் கூறினால் அஃது அறியாமையாகும்.

ஆனால், 'தத்தம் மனத்தைத் தாமே அடக்குக' என்று தனிமனிதருக்கு உபதேசம் செய்வதிலும் நாம் நம்பிக்கை கொள்ளவில்லை. குழுவை அமைத்தது சங்கம். அதனை ஒழுங்குபடுத்த வேண்டியதும் சங்கமே. நிருவாகிகள் மட்டும் எழுதவும் ஏனையோர் வாசிக்கவும் கூடிய அமைப்பு 2018ஆம் ஆண்டு முதல் வட்ஸ்அப்பில் உண்டு. எத்தனை சங்கங்கள் அதனைப் பயன்படுத்துகின்றன? ஊருக்கொரு மரண அறிவித்தற் குழு அவ்வகையில் அமையட்டும்; அங்கே அனுதாபச் செய்தியும் வேண்டாம், கூப்பிய கைகளும் வேண்டாம். இறந்தவர் பெயர், கிரியை நடைபெறும் இடம், நேரம், இவ்வளவே. அஃதொன்று சரியாக நடந்தால் ஏனைய குழுக்களின் ஓசையை அடக்கிவைக்க எவரும் அஞ்சார்.

ஒரு காரியத்துக்கெனத் தொடங்கிய குழு, காரியம் முடிந்ததும் கணக்குக் காட்டிக் கலைதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டியபோது உதவி சேர்க்கும் குழுக்கள் பல எழுந்தன. எங்கே சோறு வேண்டும், எந்தப் பாதை அடைபட்டுள்ளது என்று அறியப் பேருதவியாயின. நாம் அவற்றைப் போற்றுகிறோம். ஆனால் இத்தகைய குழுக்கள் பணி முடிந்த பின்னரும் கலையாதிருந்து, காலை வணக்கப் பூங்கொத்துக்களின் களஞ்சியமாகிவிடுகின்றன.

இன்னொன்றையும் கூறவேண்டியுள்ளது, சிலருக்கு இது கசக்கும். பொதுப்பணியில் ஈடுபட்டோர், தமக்குப் பொறுப்புள்ள மூன்று குழுக்களுக்கு மேல் நாள்தோறும் திறப்பதில்லை என விதித்துக்கொள்வாராக. ஐம்பது குழுக்களில் இருக்கிறேன் என்று மார்தட்டும் தலைவர்களை நாம் காண்கிறோம். ஐம்பதிலும் கைகூப்பும் படம் போடுகிறார். ஒன்றிலேனும் கேட்ட கேள்விக்கு விடை கூறுகிறாரா? காணி உறுதி தொலைந்த விதவை ஒருவர் அவருக்கு எழுதிய நான்கு வரி மூன்று நாட்களாக வாசிக்கப்படாமற் கிடக்கின்றது. அவரோ இருபத்தேழாவது குழுவில் உலக அரசியல் ஆராய்கின்றார்.

காணிப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. நீதிமன்றம் தடுத்தது ஓர் அறிவித்தலை; அறிவித்தல் வெளியிடும் அதிகாரத்தையன்று. வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் தமிழிலும் வெளியாகின்றது; அதிவிசேட வர்த்தமானி எந்நாளும் வரலாம். இரண்டும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இதனை வாசிக்கவென்றே ஒருவரை நியமித்தல் வேண்டும். அவர் வேறெந்தக் குழுவுக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டவரல்லர். தன் ஊரின் பெயர், அயலூரின் பெயர், காணி, வீதி, குளம், காடு பற்றிய அறிவித்தல் உண்டா என்று பார்த்து, உண்டெனின் இறுதித் திகதியோடும் செல்லவேண்டிய அலுவலகத்தின் பெயரோடும் ஐந்து வரி எழுதி, இல்லையெனின் 'இல்லை' என்று ஒரு வரி எழுதி, வெள்ளி மாலை 6 மணிக்கு வெளியிடட்டும். லண்டனில் அப்போது நண்பகல் கடந்திருக்கும், ரொறன்ரோவில் காலை, சிட்னியில் இன்னும் உறங்கப் போயிருக்க மாட்டார்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை. புதிய குழுவும் வேண்டியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், தலைவர் உரைக்கு முன்னதாக, இவ்வொருவரின் நியமனத்தைச் சேர்க்குமாறு காரியதரிசிமாரை வேண்டுகிறோம்.