ரிவெட்டுக்கு மறுபக்கம் நின்ற கூட்டாளி

போன தவணை விஞ்ஞானக் கண்காட்சியில் நாங்கள் நடுவர்களாக இருந்து ஒரு வேலை பார்த்தோம். பளபளவென்றிருந்த நீர்மின் நிலைய மாதிரியுரு ஒன்றுக்கு முதலிடம் கொடுத்தோம். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து சுழலியில் விழும் என்று கேட்டதற்கு, "வாப்பாட்டதான் கேக்கணும் சேர்" என்றான் அந்த மாணவன். சிரித்துவிட்டுப் புள்ளி போட்டோம். இன்னொருவன் தன் காற்றாலைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தான். கம்பி சுற்றித் தந்த இரண்டு கூட்டாளிமாரின் பெயர் அதில் இருந்தது. தனி ஆக்கமில்லை என்று அவனுக்குப் புள்ளியை வெட்டினோம்.

இந்த லீவில், அமெரிக்காவில் ஆட்கள் வீட்டுக் கராஜிலேயே விமானம் கட்டுவதைப் பற்றி வாசித்தபோது அந்தத் தாள்தான் கண்ணுக்குள் நின்றது.

விளையாட்டு விமானமில்லை, ஆள் ஏறிப் பறக்கிற விமானம். இப்படிக் கட்டுபவர்களுக்காக 1953இல் மில்வாக்கி நகரில் போல் போபெரெஸ்னி தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. வான்ஸ் என்ற கம்பனியின் பாகங்களை வாங்கிக் கட்டிப் பறக்கவிட்ட ஆர்வி ரக விமானங்கள் மட்டும் 10,000ஐத் தாண்டிவிட்டன.

அங்கே ஒரு சட்டம். செய்ய வேண்டிய வேலைகளில் பாதிக்கு மேல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்களின் கையால் நடந்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்பார்கள். விமானச் சட்டத்துக்குள் "கல்வி" என்ற சொல்! காசு கொடுத்துச் செய்வித்த வேலை அந்தப் பாதிக்குள் சேராது. காசு வாங்காமல் கூட்டாளி வந்து செய்தால் அது குற்றமில்லை.

குற்றமாக்கவும் முடியாது. அலுமினியத் தகட்டில் ரிவெட் அடிக்க ஒருவர் இந்தப் பக்கம் துப்பாக்கி மாதிரியான கருவியைப் பிடிக்க வேண்டும், மற்றவர் உள்ளே கையை விட்டு ஒரு இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பிடி சரிந்தால் ரிவெட் கோணலாகும், துளைத்து எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கில். மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று எல்லாருமே இரும்புக் கட்டி பிடித்தவர்கள்தான். சங்கத்தின் அனுபவசாலிகளும் சும்மா வந்து பார்த்து, இந்த இடம் பிழை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் மறைப்பு இல்லை. எந்த நாள் என்ன வேலை நடந்தது என்று கொப்பியில் எழுதி, போட்டோவும் எடுத்து வைப்பார்கள். வருடாந்தப் பரிசோதனையைத் தானே செய்து கையொப்பமிட விரும்பினால், பிரதானமாகக் கட்டிய ஒருவருக்குத்தான் அந்தச் சான்றிதழ். இது பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கத் தெரியும் என அவர் அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். அங்கே போய் வாப்பாட்டக் கேக்கணும் என்று சொல்ல ஏலாது.

இதில் எல்லாமே நல்லது என்று எழுதவும் எங்களுக்கு மனமில்லை. கட்டி முடித்ததும் பொதுவாக 25 அல்லது 40 மணித்தியாலம் பரீட்சார்த்தமாகப் பறக்க வேண்டும், அதுவரை சும்மா ஆட்களை ஏற்ற முடியாது. தொழிற்சாலை விமானங்களைவிட இவை விபத்துக்குள்ளாகும் வீதம் கூட. 2012இல் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை செய்த ஆய்வு, பறக்கத் தொடங்கிய ஆரம்ப காலத்திலும், கட்டாத ஒருவர் வாங்கி ஓட்டத் தொடங்கும்போதும் நிறைய விபத்து நடப்பதைக் காட்டியது. அந்த இரண்டாவதை வாசித்தபோது எங்கள் முதலிடம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

ஒப்படைகளைக் கடையில் காசுக்குச் செய்து தருகிற காலம் இது. பெற்றோரைத்தான் திட்டுகிறோம். உண்மையைத் தாளில் எழுதி ஒட்டியவனுக்குப் புள்ளியை வெட்டி, அடுத்த முறை மறைத்துவிடு என்று சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான்.

அடுத்த கண்காட்சி விண்ணப்பத்தில் "உதவியவர்கள், செய்த வேலை" என்று ஒரு நிரல் போடக் கேட்கப்போகிறோம். புள்ளி வாய்மொழிக் கேள்விக்குத்தான் கூட. அதிபர் ஒத்துக்கொள்வாரோ தெரியாது. பாடசாலை தொடங்கியதும் அந்தக் காற்றாலை மகனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், கம்பி சுற்றிய மற்ற இருவரையும் சேர்த்து.